கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு வீடு ஒரே கருவிதான்: எவர்சில்வர் தட்டும் கரண்டியும். தொட்டிலுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆச்சி தட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவாள். பிள்ளை திடுக்கிட்டால் கேட்கிறது என்று அர்த்தம். திடுக்கிடாவிட்டால் இன்னும் பலமாகத் தட்டுவாள். ஆச்சியின் சேலை அசைந்ததாலோ, தொட்டில் கம்பு அதிர்ந்ததாலோ, ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்ததாலோ, ஏதாவது ஒரு தட்டலுக்குப் பிள்ளை திரும்பிவிடும். "கேக்கு, கேக்கு. சும்மா பயப்படாத" என்று சொல்லிவிட்டு ஆச்சி அடுப்படிக்குப் போய்விடுவாள். பெற்றவள் மட்டும் அங்கேயே நிற்பாள். அவளுக்குத் தெரியும்.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். ஃப்ளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் சாலையோரமாகக் கைகளால் வேகவேகமாகப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்தேன். பிறகு மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் படித்து ஆடியாலஜிஸ்ட் ஆனேன். ஓய்வு பெறும்வரை தென்மாவட்டங்களில்தான் வேலை. அந்நாளில் எங்களிடம் வந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூன்று வயது, நான்கு வயது ஆகியிருக்கும். "எப்பம்மா மொதல்ல சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஆறாம் மாதம், ஏழாம் மாதம். குக்கர் விசில் அடித்தபோது பிள்ளை அசையவில்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் சரவெடி வெடித்தபோது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதற்கும் எங்களிடம் வந்ததற்கும் இடையில் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் நடந்ததும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், நீ எதுக்குக் கெடந்து அலையுத?" என்று மாமியார் சொல்லியிருப்பார். ஆண் பிள்ளை என்றால் தாமதமாகத்தான் பேசும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருப்பார். வசம்பை உரசி நாக்கில் தடவியிருப்பார்கள். கோயிலுக்கு நேர்ந்திருப்பார்கள். பேச்சு மூளையில் வேர்பிடிக்க வேண்டிய மாதங்கள் அப்படியே ஓடிப்போயிருக்கும்.

பெற்றவளுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது என்பதை நம்புவதற்கு மருத்துவத்துக்கு எவ்வளவு காலம் ஆயிற்று, எத்தனை வழிகளில் சுற்றி வந்து நம்பியது என்று தேடிப் பார்த்தேன். பிறந்த குழந்தைகளுக்கான செவித்திறன் பரிசோதனையின் வரலாறு என்று நாங்கள் படித்ததெல்லாம் கருவிகளின் வரலாறு. அதற்குள்ளேயே பெற்றோரின் வரலாறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

1941-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வந்தன. காரணம் பிடிபடவில்லை. அவருடைய கிளினிக்கில் காத்திருந்த இரண்டு தாய்மார், கர்ப்பமாக இருந்தபோது தங்கள் இருவருக்குமே ஜெர்மன் தட்டம்மை, அதாவது ரூபெல்லா வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். அவர் அதை விட்டுவிடவில்லை. ஒவ்வொரு தாயிடமும் கேட்டார். அந்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில் 78 குழந்தைகள். அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது. 1943-இல் அடிலெய்டில் சார்லஸ் ஸ்வானும் அவர் குழுவினரும் கண்புரையோடு காதுகேளாமையும் சேர்ந்து வருவதை எடுத்துக் காட்டினார்கள். 1944-இல்கூட லண்டனின் லான்செட் இதழ், கிரெக் சொன்னது இன்னும் நிரூபணமாகவில்லை என்று எழுதியது. ஆதாரமாக இருந்தது தாய்மாரின் ஞாபகம் அல்லவா? ஞாபகத்தை எப்படி நம்புவது என்பது கேள்வி. 1964, 65-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ரூபெல்லா பெரும் கொள்ளைநோயாகப் பரவி, வயிற்றில் அதற்கு ஆளான சுமார் 20,000 குழந்தைகள் பிறந்தன. அவற்றில் 11,000-க்கும் மேற்பட்டவை காது கேளாமல் பிறந்தவை. அப்போது கிரெக் சொன்னதில் சந்தேகப்பட யாரும் மிச்சமிருக்கவில்லை.

அதே 1944-இல் இங்கிலாந்தில் இன்னொரு வேலை நடந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் காதுகேளாதோர் கல்வித் துறையை நடத்திவந்த ஐரீன் யூயிங், அலெக்சாண்டர் யூயிங் தம்பதியர், கைக்குழந்தைகளின் செவித்திறனைக் கண்டறிவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் வகுத்த முறையைத்தான் நாங்கள் மைசூரில் கற்றோம். ஏழு முதல் ஒன்பது மாதக் குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்திருக்கும். முன்னால் ஒருவர் சின்னப் பொம்மையைக் காட்டி அதன் கவனத்தைப் பிடித்து வைத்திருப்பார். அந்தக் கவனத்தைச் சற்றே தளர்த்தும் நொடியில், பின்னால் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி, குழந்தையின் கண்ணில் படாமல் நிற்கும் இன்னொருவர் மெல்லிய ஓசை எழுப்புவார். கிலுகிலுப்பை, மெல்லிய தாளின் சரசரப்பு, கோப்பையின் விளிம்பில் கரண்டியால் லேசாக உரசும் ஓசை, வாயால் "ஸ்ஸ்" என்ற ஒலி. குழந்தை ஒலி வந்த பக்கம் தலையைத் திருப்ப வேண்டும்.

எங்கள் வீட்டுத் தட்டும் கரண்டியும்தான் அங்கே கோப்பையும் கரண்டியுமாக இருந்தன. பலமாகத் தட்டினால் அதிர்வு போய்ச் சேர்ந்துவிடும் என்பது யூயிங் தம்பதியருக்குத் தெரிந்திருந்தது. அதனால் மெதுவான ஓசை. குழந்தைக்கு அர்த்தமுள்ள ஓசையாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பால் கலக்கும் கரண்டிச் சத்தத்துக்குத் திரும்பும் குழந்தை, அதைவிடப் பெரிய வெற்றுச் சத்தத்துக்குத் திரும்பாமல் இருக்கும். இதை அவர்கள் கண்டுபிடித்தது எவ்வளவு கூர்மையான கவனிப்பு என்று இன்றும் வியக்கிறேன்.

இந்த முறை பிரிட்டன் முழுக்கப் பரவியது. வீடு வீடாகப் போகும் சுகாதாரச் செவிலியர்கள் அதைச் செய்தார்கள். நல்ல அறையும் பயிற்சி பெற்ற இரண்டு கைகளும் இருந்தால் அருமையான முறை. ஆனால் ஊர் மருத்துவக் கூடத்தில் பக்கத்து அறையில் குழந்தைகள் அழும், செவிலியரின் நிழல் சுவரில் விழும், அவர் பூசியிருக்கும் வாசனை முன்னால் வரும். காது கேளாத குழந்தை கண்ணால் உலகத்தைப் பிடிப்பது. நிழலுக்கும் வாசனைக்கும் திரும்பிவிடும். "கேட்கிறது" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இதில் பெற்றோருக்கு நேர்ந்த கொடுமை, குறை இல்லை என்ற சான்று கையில் இருந்ததுதான். சந்தேகம் இருந்தும் காகிதத்தை எதிர்த்துப் பேச அவர்களுக்குத் தெம்பு இல்லை.

1980-களில் நாட்டிங்ஹாமில் பேரி மெக்கார்மிக் என்ற ஆடியாலஜிஸ்ட் ஒரு சின்னக் காரியம் செய்தார். குழந்தை எந்த வயதில் எந்த ஓசைக்கு என்ன செய்யும் என்று ஒரே தாளில் பட்டியலிட்டு, பிள்ளை பெற்ற ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கச் செய்தார். பிறந்த புதிதில் கைதட்டலுக்கு இமைக்கும், நாலாம் மாதத்தில் அம்மாவைப் பார்க்காமலே அவள் குரலுக்கு அமைதியாகும் என்பது போல. சந்தேகம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் என்ற வேண்டுகோளும் உண்டு. ஒரு தாள்தான். அந்தத் தாளை நான் முதன்முதலில் பார்த்தபோது, நாற்பதாண்டு பரிசோதனைகளில் பெற்றவளிடம் நேராகக் கேட்டது இதுதான் என்று தோன்றியது.

அமெரிக்காவில் கதை வேறு வழியில் போனது. மரியன் டவுன்ஸ் அம்மையார் பிள்ளைகளை வளர்த்துவிட்டு மேற்படிப்புக்கு டென்வர் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, பதிவு செய்யும் வரிசைகளில் எது குட்டையாக இருந்ததோ அதில் போய் நின்றார் என்றும், அது பேச்சு, செவித்திறன் துறையின் வரிசை என்றும் சொல்வார்கள். 1960-களின் முற்பகுதியில் அவர் டென்வர் மருத்துவமனைகளில் தன்னார்வப் பெண்களைத் திரட்டி, பிறந்த குழந்தைகளின் காதருகே 90 டெசிபல் அளவில் ஒலி எழுப்பும் கையடக்கக் கருவியை வைத்து, குழந்தை இமைக்கிறதா, உடல் சிலிர்க்கிறதா என்று பார்த்து எழுதச் செய்தார். 1969-இல் 17,000 குழந்தைகளின் அறிக்கை வந்தது. ஆனால் இமைப்பைப் பார்த்துச் சொல்வதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு. கேட்கும் குழந்தை தூக்கத்தில் அசையாமல் இருந்துவிடும். கேளாத குழந்தை தற்செயலாகக் கை உதறும். அதே ஆண்டு அவர் முயற்சியில் அமைந்த கைக்குழந்தைச் செவித்திறனுக்கான கூட்டுக்குழு, எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படிப் பரிசோதனை செய்வதைப் பரிந்துரைக்க முடியாது என்றே தன் முதல் அறிக்கையில் சொல்ல நேர்ந்தது. அவரே அதை ஏற்றுக்கொண்டார் என்பதை என் மாணவிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். தான் ஆரம்பித்ததைத் தானே போதாது என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அதற்குப் பதிலாக 1973-இல் அபாயப் பட்டியல் ஒன்று வந்தது. குடும்பத்தில் காதுகேளாமை, வயிற்றிலேயே வந்த தொற்று, முகம் அல்லது காதின் அமைப்பில் குறை, 1,500 கிராமுக்குக் குறைந்த எடை, மிகையான மஞ்சள் காமாலை. இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் சோதியுங்கள் என்றது அது. எங்கள் ஊரில் சொந்தத்தில் கல்யாணம் செய்வதையும் இதில் சேர்த்துக்கொண்டோம். அத்தை மகன், தாய்மாமன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில் காது கேளாத பிள்ளை பிறப்பது அதிகம். பட்டியல் நல்லதுதான். ஆனால் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்தப் பட்டியலில் உள்ள எதுவுமே இருக்காது. அந்தப் பாதிப் பேரின் தாய்மார் பழையபடியே குக்கர் விசிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மாற்றம் வந்த இடம் லண்டன். டேவிட் கெம்ப் இயற்பியல் படித்தவர். கிரேஸ் இன் சாலையில் இருந்த அரச தொண்டை, மூக்கு, காது மருத்துவமனையில் வேலை பார்த்தார். காதுத் துவாரத்தை அடைத்து, உள்ளே சிறிய ஒலிபெருக்கியும் நுண்ணொலிவாங்கியும் வைத்து, ஒரு "டிக்" ஒலியை அனுப்பினார். சில மில்லிநொடிகள் கழித்து உள்ளிருந்து ஒரு மெல்லிய ஒலி திரும்பி வந்தது. வெறும் எதிரொலி என்றால் அவ்வளவு தாமதமாக வராது. காது ஒலியை வாங்கிக்கொள்ளும் குழாய் மட்டும் அல்ல, தானும் ஒலி எழுப்பும் உறுப்பு என்பது அப்போதுதான் தெரிந்தது. உள்காதில் உள்ள வெளிப்புற ரோமச் செல்கள் ஆடி அசைந்து அந்த ஒலியை உண்டாக்குகின்றன. தாமஸ் கோல்ட் என்பவர் 1948-லேயே இப்படி இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. கெம்ப் 1978-இல் வெளியிட்டபோதும் நம்பாதவர்கள் பலர். 1988-இல் அவர் குழு அதை மருத்துவமனையில் வைத்துப் பயன்படுத்தும் கருவியாக்கியது. நாங்கள் ஓ.ஏ.இ. என்று சொல்லும் பரிசோதனை அதுதான்.

ஓ.ஏ.இ. வந்த பிறகு குழந்தை திரும்ப வேண்டாம், இமைக்க வேண்டாம், விழித்திருக்கக்கூட வேண்டாம். பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் காதில் சின்ன ரப்பர் முனையை வைத்தால், அமைதியான அறையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு நரம்பின் வழியையும் பார்க்க வேண்டும். அதற்கு நெற்றியிலும் காதுக்குப் பின்னும் எலெக்ட்ரோடு ஒட்டி, மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் பெரா பரிசோதனை இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் காதில் பனிக்குடத்து நீரும் வெண்பூச்சும் தேங்கியிருக்கும். அந்நேரத்தில் சோதித்தால், நன்றாகக் கேட்கும் பிள்ளைக்கும் பதில் வராமல் போகலாம். அடுத்த பெரும் சண்டை இப்படி வரும் தவறான முடிவுகளை வைத்துத்தான் நடந்தது.

1990-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், பிராவிடன்ஸ் நகர மகப்பேறு மருத்துவமனையில் 1,850 குழந்தைகளை ஓ.ஏ.இ. கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். முடியும் என்று தெரிந்தது. 1993-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, மூன்று மாதத்துக்குள் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே ஃப்ரெட் பெஸ், ஜாக் பாரடைஸ் என்ற இருவர் குழந்தை மருத்துவ இதழில் கடுமையாக மறுத்து எழுதினார்கள். ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று குழந்தைகளைக் கண்டுபிடிக்கப் போய் எத்தனை குழந்தைகளின் பெற்றோரை வீணாகக் கலங்க வைப்பீர்கள் என்பது அவர்கள் முன்வைத்த முக்கியமான கேள்விகளில் ஒன்று. பிறந்த இரண்டாம் நாளே பிள்ளையிடம் ஏதோ கோளாறு என்ற சந்தேகம் விழுந்துவிட்டால், தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பு கெடாதா?

அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பெற்றவள் மனத்தைப் பற்றி மருத்துவ இதழில் ஒருவர் கவலைப்பட்டு எழுதினாரே என்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்ததால்தான் பெற்றோரிடம் போய்க் கேட்கும் ஆய்வுகள் பெருகின. கிழக்கு லண்டனில் விப்ஸ் கிராஸ் மருத்துவமனையில் பீட்டர் வாட்கின் குழுவினர் 1990-களில் தாய்மாரின் பதற்றத்தை அளந்தார்கள். பரிசோதனை தாய்மாரிடம் பெரிய பதற்றத்தை உண்டாக்கவில்லை. பெரும்பாலோர் அதை விரும்பினார்கள். 1998-இல் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோ வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தை முடித்துவைத்தது. 150 பிள்ளைகள். ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டவர்கள் 72, அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்கள் 78. முதல் கூட்டத்தின் மொழித்திறன் தெளிவாக மேலே இருந்தது. குறைபாடு லேசானதா கடுமையானதா என்பதைவிட, எப்போது தெரிந்தது என்பதே பெரிதாக இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அதே கூட்டுக்குழு, தன் முதல் அறிக்கையில் தயங்கிய குழுதான், கணக்கைத் திட்டமாக வகுத்தது: ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் பயிற்சி.

இங்கிலாந்து 2001-இல் சில இடங்களில் தொடங்கி 2006-க்குள் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. யூயிங் தம்பதியரின் மான்செஸ்டர் முறை விடைபெற்றது. இதற்கென்றே ஒரு புது வேலை உருவானது. மருத்துவரோ நர்ஸோ அல்லாத, பயிற்சி பெற்ற பரிசோதகர்கள், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள், பிரசவ வார்டில் கட்டில் கட்டிலாகப் போனார்கள். அவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் பயிற்சியில் சேர்த்தார்கள். "தோற்றுவிட்டது" என்று சொல்லக் கூடாது. "இந்தக் காதில் தெளிவான பதில் கிடைக்கவில்லை, இன்னொரு முறை பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் பெற்றோர் நிறைவடைந்தார்களா என்று கேட்க வினாத்தாள்கள் வந்தன. 2006-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரஃபிடா மஸ்லான் குழுவினர் உருவாக்கிய வினாத்தாளை நான் படித்திருக்கிறேன். தகவல் சரியாகச் சொன்னார்களா, பரிசோதித்தவர் எப்படி நடந்துகொண்டார், நேரமும் இடமும் தோதாக இருந்ததா, மொத்தத்தில் திருப்தியா என்று கேட்கிறது. அங்கே மட்டுமல்ல, கேட்ட இடத்திலெல்லாம் மிகப் பெரும்பாலான பெற்றோர் திருப்தி என்றே சொன்னார்கள். குறை சொன்னவர்கள் சொன்னதும் பெரும்பாலும் தகவல் போதவில்லை என்பதுதான்.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் வினாத்தாளைக் கையில் வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். ஆயிரம் குழந்தைகளில் 997 குழந்தைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். பிள்ளைக்குக் குறை இல்லை என்று கேட்ட தாய், அந்த நிமிடத்தில் யாரைத்தான் குறை சொல்வாள்? மீதி மூன்று தாய்மாரின் குரல் அந்தச் சதவீதத்தில் கரைந்துபோகும். அந்த மூன்று பேரைத் தேடிப்போய் உட்கார்ந்து கேட்டவர் ஆலிஸ் யங். ஐரீன் யூயிங் பாடம் நடத்திய அதே மான்செஸ்டர் பல்கலைக்கழகம். அவரும் ஹெலன் டாட்டர்சாலும் காது கேளாத குழந்தைகளின் பெற்றோரிடம் நீண்ட நேர்காணல்கள் எடுத்தார்கள். சீக்கிரம் தெரிந்தது நல்லது என்றே பெற்றோர் பலர் சொன்னார்கள். துக்கம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் மனத்தில் ஆறாமல் நின்ற இன்னொன்று, வார்டில் நல்ல மனத்தோடு சொல்லப்பட்ட ஆறுதல். "காதில் தண்ணியா இருக்கும், பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது." அதை நம்பி இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தவர்கள், உண்மை தெரிந்த அன்று இரட்டிப்பாக உடைந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய தாய்மார் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். மூன்று வருடம் அவர்களைச் சுற்றி இருந்தவர்கள் சொன்னதும் ஆறுதல்தானே? நல்ல மனத்தோடு சொன்ன ஆறுதல்.

நம் நாட்டில் மைய அரசின் காதுகேளாமைத் தடுப்புத் திட்டம் 2006-07-இல் 10 மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் 25 மாவட்டங்களில் தொடங்கியது. 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரம் என்ற தேசியச் சிறார் சுகாதாரத் திட்டம், குழந்தைகளிடம் தேட வேண்டிய 30 குறைபாடுகளில் பிறவிக் காதுகேளாமையையும் சேர்த்தது. அதற்கு முன்பே, 2003-இல், கொச்சியில் குழந்தை மருத்துவர்கள் ஆபிரகாம் பால் தலைமையில் ஒரு நல்ல வழியைக் காட்டினார்கள். மருத்துவமனைக்கு ஒரு கருவி வாங்க முடியாதா? ஒரே கருவியைப் பல பிரசவ மருத்துவமனைகளுக்கு முறை வைத்து எடுத்துப் போவோம் என்றார்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் இருந்து செவித்திறன் துறையினர், கிராமத்துச் சுகாதாரப் பெண்களுக்கு ஓ.ஏ.இ. கற்றுக்கொடுத்து வீட்டுத் திண்ணைக்கே அனுப்பினார்கள். பதில் வராத குழந்தைக்கு வேனில் வைத்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக நகரத்திலிருந்தே பெரா பார்த்தார்கள். தாய் நகரத்துக்கு அலைய வேண்டாம் என்று நினைத்துச் செய்த வேலை என்பதால் இதைப் பெரிதாக மதிக்கிறேன். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. பாதை முழுக்க இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

பாதையில் பிள்ளைகள் எங்கே தொலைகிறார்கள் என்று நான் கண்டதைச் சொல்கிறேன். நம் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறார்கள். பரிசோதனை தாய்வீட்டுப் பக்கத்து மருத்துவமனையில் நடக்கிறது. சீட்டில் எழுதுவது புருஷனின் போன் நம்பர், புருஷன் வீட்டு முகவரி. மூன்றாம் மாதம் தொட்டிலோடு அவள் புகுந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள், அது வேறு மாவட்டம். "மறுபடி பார்க்க வேண்டும்" என்ற சீட்டு தாய்வீட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. போன் போட்டால் புருஷன் எடுத்து, "பிள்ள நல்லா இருக்கான் மேடம்" என்று வைத்துவிடுகிறார்.

வேலையின் கடைசி ஆண்டுகளில், பெரா முடிவு உறுதியான பிறகு தாய்மாரிடம் எல்லாம் எப்படி நடந்தது, எதில் மனம் நொந்தது என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி சொன்னதை எங்கள் துறைக் கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன். "யக்கா, டெஸ்ட் எடுத்த பிள்ள நல்லாத்தான் பேசினா. தண்ணி குடிக்கச் சொன்னா, பக்கத்துல உக்காந்தா. ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா அவ என்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டா. எங்க மாமியாகிட்டயும் அவுககிட்டயும் நான்தான சொல்ல வேண்டியிருக்கு? நான் சொன்னா, உங்க வீட்டு வழிதாங்காக."

அவளை ஒரு வினாத்தாளில் உட்கார வைத்தால் நாலு கேள்விக்கும் திருப்தி என்றே எழுதியிருப்பாள். அதன் பிறகு நான் முடிவைத் தாயிடம் தனியாகச் சொல்வதை நிறுத்தினேன். இரண்டாம் பரிசோதனைக்கு வரச் சொல்லும்போதே, புருஷனையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். திரையில் அலை எழாத கோட்டை மாமியாருக்கும் காட்டினேன். இது யார் வீட்டு வழியும் அல்ல, பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வருவது, சேர்ந்தே பார்த்துக்கொள்ள வேண்டியது என்பதை என் வாயால் அவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லவில்லை. அடுத்து எந்தத் தேதி, எந்த ஊர், காது மெஷின் எப்போது கிடைக்கும், பேச்சுப் பயிற்சிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்று சொன்னேன். நேரம் இரட்டிப்பாக ஆனது. வெளியே வரிசை நீண்டது. ஆனால் அப்படி மாமியாரோடு வந்து போனவர்கள் அடுத்த தேதிக்குத் திரும்பி வந்தார்கள்.

இப்போது என் மாணவிகள் மாவட்ட மையங்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது மூன்றே காரியம். பரிசோதனைச் சீட்டில் தாய்வீடு, புகுந்த வீடு என்று இரண்டு முகவரியும், தாயின் சொந்த போன் நம்பரும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது அவளுக்குக் கொடுத்த பிக்மி எண்ணும் இருக்க வேண்டும். மறுபரிசோதனையை ஒன்றரை மாதத் தடுப்பூசி நாளோடு சேர்த்து வைக்க வேண்டும். ஊசி போடும் நாளை நம் தாய்மார் தவறவிடுவது அபூர்வம், பெரும்பாலும் அப்போது தாய்வீட்டிலேயே இருப்பார்கள். திருப்தியா என்ற கேள்வியை டிஸ்சார்ஜ் அன்று கேட்க வேண்டாம். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது, அவள் வாழும் ஊருக்குப் போய், வீட்டில் எல்லோரும் இருக்கையில் கேட்கட்டும்.